ஏழா, பதினாலா

என் மகனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவன் படுத்திருந்த கண்ணாடித் தொட்டியின் சீட்டில் 'தனுஷா பேபி' என்று எழுதியிருந்தது. தனுஷா இல்லை. எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது. அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆயிரத்து நானூறு கிராம். மறுநாள் அவள் போய்விட்டாள்.

அவள் போன ஒன்பதாம் நாள் குழந்தையின் வயிறு உப்பியது. மூக்கில் விட்டிருந்த குழாயில் பச்சையாக வந்தது. மலத்தில் ரத்தம். டாக்டர் செந்தமிழ்ச்செல்வி எக்ஸ்ரேயைக் காட்டி, குடல் சுவருக்குள் காற்று புகுந்திருக்கிறது என்றார். குறைமாதக் குழந்தைகளுக்கு வருகிற நோயாம். குடல் அழுகத் தொடங்கும். ஓட்டை விழுந்தால் பெரிய ஊருக்குக் கொண்டுபோய் அறுக்க வேண்டும். பாலை நிறுத்திவிட்டு ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கினார்.

"எத்தனை நாள் போடணும் மேடம்?"

"ஏழுலேர்ந்து பத்து நாள். சில பேர் பதினாலு போடுவாங்க. இத்தனை நாள்தான் சரின்னு உறுதியா யாருக்கும் தெரியாது சார். வயித்தைப் பார்த்துப் பார்த்துதான் முடிவு பண்ணணும்."

எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியாது என்று நான் கேட்ட ஒரே ஆள் எம்.டி. படித்தவர். அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

பக்கத்தில் நின்ற என் மாமனார் தங்கதுரைக்கு அவர் சொன்னதில் ஒரே ஒரு சொல் மட்டும் காதில் விழுந்திருந்தது. ஏழு. பன்னிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். விரலை மடக்கி எண்ணினார்.

"ஒம்போதுல ஆரம்பிச்சா பதினஞ்சுல முடியிது மாப்ள. பதினாறு அன்னிக்கு கொழந்தைய வூட்டுக்கு இட்டுக்கினு வந்துடலாம். பெத்தவ படத்துக்கு முன்னாடி புள்ளயக் காட்டாம படையல் போட்டா ஊரு இன்னா பேசும்?"

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தோதாக நோய் குணமாக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று. குடலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்று இரவே நான் செல்போனில் தேடினேன். எங்கோ ஓரிடத்தில் பதினாலு நாள் என்று இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நான் பி.எஸ்சி. என்னுடையது படிப்பு, அவருடையது மூடத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து தொடங்கிய நான்காம் நாள் மாமா காரில் ஓர் ஆளைக் கொண்டுவந்து இறக்கினார். கரியாலூர் முனியன். குழந்தையின் வயிற்றைத் தடவி, வாய் வைத்து ஊதி, உள்ளே சிக்கியிருப்பதை வெளியே எடுப்பவர். தொக்கம் எடுப்பது என்பார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது.

"உள்ள எப்பிடியாவது உட்டுடு மாப்ள. அஞ்சு நிமிசம்."

முனியன் என்னைப் பார்த்தார். "பச்சையா வந்துச்சுங்களா?"

"ஆமா."

"ரத்தம் போச்சுங்களா?"

"போச்சு."

"அப்ப நான் தொட மாட்டங்க. என் பொண்ணு கொழந்தையவே இங்கதான் இருவத்தோரு நாளு வச்சிருந்தம்."

மாமாவுக்கு முகம் கறுத்தது. "இதச் சொல்றதுக்கா உன்ன கார் வச்சி இட்டாந்தேன்?"

"இன்னா ஏதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே. வண்டியில ஏறுன்னீங்க, ஏறினேன்."

மாமா காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அவரை விட்டுவிட்டு. நான்தான் பைக்கில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மலைக்குப் போகிற பஸ் போய்விட்டதா என்று. போய்விட்டிருந்தது.

எனக்குக் கடைத்தெருவில் பூச்சிமருந்துக் கடை. கடை பூட்டிக் கிடந்தாலும் செல்போன் அடங்காது. பெண்டாட்டி செத்துப் பதினாறு நாள்கூட ஆகாதவனிடம், "அண்ணே, கேள்விப்பட்டோம், ரொம்ப வருத்தம். மக்காச்சோளத்துல படைப்புழு உழுந்துடுச்சி, எது அடிக்கலாம்?" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். நானும் ஒரே மூச்சில் பதில் சொன்னேன். துக்கத்தைவிட அது சுலபமாக இருந்தது.

பதினைந்தாம் நாள் காலை, அதாவது மருந்து தொடங்கி ஏழாம் நாள், டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"நாலாம் நாள் எக்ஸ்ரேலயே காத்து இல்ல. வயிறு நல்லா இளகியிருக்கு. ரத்தத்துல கிருமி எதுவும் வளரல. இன்னிக்கு ராத்திரி டோஸோட மருந்தை நிறுத்திடலாம். நாளைக்குப் பால் ஆரம்பிப்போம்."

மாமா என் தோளில் தட்டினார். "நான் சொல்லல? ஏழு நாளு!" மருந்தைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்பதுபோல இருந்தது அந்தச் சிரிப்பு.

"பதினாலு நாள் போடுங்க மேடம்," என்றேன்.

"எதுக்கு?"

"சேஃப்டிக்கு."

"தேவைக்கு மேல போட்டா சேஃப்டி கிடையாது சார். குடல்ல இருக்கிற நல்ல கிருமியும் சாகும். மிஞ்சுறது எந்த மருந்துக்கும் அசையாது. காளான் தொற்றும் வரலாம்."

"நிறுத்தினப்புறம் நோய் திரும்பி வந்தா?"

"வரலாம். பதினாலு போட்டாலும் வரலாம்."

"என் பொறுப்புன்னு எழுதிக் குடுக்கறேன்."

"நீங்க எழுதிக் குடுத்தது குடலுக்குத் தெரியுமா சார்?"

பக்கத்தில் நர்ஸ் எழில்மதி உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்தேன். செல்போன் அடித்தது. பகலவன். கடைசித்தெருக்காரன், நாலு ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடுகிறவன்.

"அண்ணே, நீங்க குடுத்தத அடிச்சதுல புழு போயிடுச்சி. இன்னொரு ரவுண்டு உட்டுடட்டா? சேஃப்டிக்கு?"

அந்தச் சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான். மூன்று வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து அதைத்தான் விற்கிறேன். முதல் வருஷம் ரெண்டு தடவை அடித்தால் செத்த புழு, இப்போது அஞ்சு தடவைக்கும் குருத்துக்குள் தலையை நீட்டிப் பார்க்கிறது. டூப்ளிகேட் மருந்து என்று கம்பெனியைத் திட்டுகிறார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன்.

பதினாலு நாள் கேட்டது குழந்தைக்காக மட்டும் இல்லை. மாமா ஜெயிக்கக் கூடாது. ஆயிரத்து நானூறு கிராம் உடம்பில் இன்னும் ஏழு நாள் மருந்தை ஏற்ற நான் சொன்ன காரணம் அதுதான், வேறு பெயரில். மாமாவாவது தன் காரணத்தை வாயைத் திறந்து சொன்னார், ஊர் பேசும் என்று.

"வயல்ல எறங்கிப் பாரு," என்றேன் பகலவனிடம். "குருத்தைப் பிரிச்சுப் பாரு. புழு இருந்தா அடி. இல்லன்னா வேணாம்."

"இன்னாண்ணே, கடைக்காரரே வேணாங்கிறீங்க? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

போனை வைத்தேன். உள்ளே போய் டாக்டரிடம், நிறுத்துங்க மேடம் என்றேன். அவர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்.

மாமா வாசலில் காரோடு தயாராக நின்றார். "அப்ப காலையில வந்து புள்ளய இட்டுக்கினு போயிடலாம்ல?"

"மருந்தத்தான் மாமா நிறுத்தறாங்க. இன்னும் ஒரு வாய் பால் எறங்கல. மூணு வாரமாவது ஆவும்."

"அப்ப நம்ம மாட்டுப் பாலாச்சும் குடுக்கச் சொல்லு. இங்க பால் வங்கின்னு ஒண்ணு வச்சிருக்கானுங்க. கருணாபுரத்துக்காரி ஒருத்தி பீய்ச்சிக் குடுத்துட்டுப் போறா, என் கண்ணால பாத்தேன். யாரு எவருன்னு ஜாதி தெரியாத பாலு."

வங்கியில் பாலைச் சூடாக்கி, கிருமியெல்லாம் கொன்றுதான் தருகிறார்கள். இவர் சொல்கிற ஜாதி மட்டும் எந்தச் சூட்டிலும் சாகாது போல.

"குறைமாசக் குடலுக்கு மாட்டுப் பால் வெசம் மாமா. அந்தக் கருணாபுரத்துப் பொண்ணு நாளைக்கும் வரணும்னு சாமிய வேண்டிக்குங்க."

அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேரும்வரை அவர் பேசவில்லை. அத்தனை நாளில் எனக்குக் கிடைத்த ஓய்வு அதுதான்.

பதினாறாம் நாள் விடியலில் ஏரிக்கரையில் தலை முழுகினேன். சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன், சொன்ன இடத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டேன். தனுஷாவின் படம் கல்யாண ஆல்பத்திலிருந்து பெரிதாக்கியது. என்னை வெட்டிவிட்டு எடுத்திருந்தார்கள். என் தோள் மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தை எங்கே, குழந்தை எங்கே என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். மாமா என்னைக் கை காட்டினார். பந்தியில் இலை போடும்போது நான் பைக்கை எடுத்தேன். சாப்பிடாமல் போகக்கூடாது என்று யாரோ கத்தினார்கள்.

காலை ஒன்பதுக்கு ஒரு மில்லி பால் கொடுத்திருந்தார்கள். மருந்து சீசாவின் மூடி அளவுகூட இருக்காது. பன்னிரண்டுக்கு அடுத்தது. அதற்கு முன் வயிற்றில் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பச்சையாக வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

நான் கையைக் கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு தொட்டியருகே நின்றேன். தலை இன்னும் ஈரம். எழில்மதி குழாயில் ஊசிக்குழலைச் சொருகி மெதுவாக இழுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குழலைத்தான் பார்த்தேன்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தார். நுரை மாதிரி ரெண்டு சொட்டு, வெள்ளையாக.

பிறகு டேப்பை வயிற்றைச் சுற்றி வைத்தார். நேற்று இருந்த அதே அளவு.

"செரிச்சிட்டான் சார்," என்றார். "அடுத்த ஒரு மில்லி வைக்கட்டுமா?"

"வைங்க."

செல்போனில் மாமாவின் அழைப்பு நாலு இருந்தது. நான் கூப்பிடவில்லை. ஏழு நாள் என்று அன்றைக்கே சொன்னேன் என்று இனி சாகும்வரை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். திரியட்டும். பால் குழாயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.