மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை

செவ்வாய்க்கிழமை காலை தையல்காரர் கொல்லைக் கதவைத் திறந்து தானியத்தை இறைத்தபோது பதினொரு பெட்டைக்கோழிகளும் ஓடி வந்தன. சேவல் மட்டும் வரவில்லை. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இறகையெல்லாம் உப்ப வைத்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. மழையில் நனைந்தது போல இருந்தது. ஆனால் மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

"என்னப்பா, வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?" என்றார். அது கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

வழக்கமாக அதுதான் முதலில் வரும். ஒரு மணியைக் கொத்தி எடுத்து, தின்னாமல் கீழே போட்டுவிட்டுப் பெட்டைகளைக் கூப்பிடும். அவை தின்ற பிறகே தான் தின்னும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அது வளைய வரும் தோரணையைப் பார்த்து அவர் மனைவி அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தாள். உண்மையான மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலிலேயே போய்விடும். "இந்த மாப்பிள்ளையாவது வீட்டோட இருக்காரே" என்பாள்.

மனைவி இப்போது ஊரில் இல்லை. மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டதால், பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளியிருந்த மகள் வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. புறப்படும்போது, "நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அதுங்களுக்கு நேரத்துக்குத் தீனி போட்டுடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது.

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"எந்த மாப்பிள்ளை?"

"ரெக்கை இருக்கிறவர்தான்."

கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே, "அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கார்" என்றார். "பொண்ணு?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. தூங்குறா."

மேற்கொண்டு கேள்வி வராததில் அவருக்குப் பெரிய நிம்மதி. காலை பதினொரு மணிக்கு மகள் ஏன் தூங்குகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை அதன் கொண்டை வெளிறிப்போயிருந்தது. தண்ணீரில் அலகை வைத்தது, விழுங்கவில்லை. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணே, கழிச்சல் வெள்ளையா போகுதா?"

"கொஞ்சம் அப்படித்தான் இருக்கு."

"போச்சு. என் மச்சான் வீட்ல இப்படித்தான் ஒண்ணு தூங்கித் தூங்கி விழுந்துச்சு. நாலே நாள்ல கூண்டு காலி. பாவம் புண்ணியம் பார்க்காம கழுத்தைத் திருகிடுங்க. மத்ததாவது தப்பிக்கும்."

"மாப்பிள்ளை கழுத்தையா?" என்றார் தையல்காரர். எலெக்ட்ரீஷியன் சிரித்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சேவலைத் தூக்கிவந்து, துணி வெட்டும் மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து வைத்தார். மிஷினில் உட்கார்ந்தார். நாலு தையல் ஓட்டுவார், குனிந்து பார்ப்பார். மூச்சு இருக்கிறது. மறுபடி நாலு தையல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கொல்லைக்கு ஓடுவார். ஒவ்வொரு கோழியின் கொண்டையையும் எச்சத்தையும் பார்ப்பார். சாம்பல் நிறக் கோழி தும்மினால் தூக்கி வாயைத் திறந்து பார்ப்பார். சாயங்காலம் பார்த்தால், ஒரு சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் தைத்து வைத்திருந்தார். முப்பது வருஷத்தில் செய்யாத தப்பு.

அன்றைக்கும் மனைவி பேசினாள். அன்றைக்கும் இங்கே ராஜா மாதிரிதான், அங்கே தூக்கம்தான்.

வியாழக்கிழமை காலை தண்ணீர் ஊட்டலாம் என்று சேவலை மடியில் எடுத்தார். கழுத்துக்குக் கீழே, மார்புக்கு மேலே, விரலில் என்னவோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. டென்னிஸ் பந்து அளவு. அழுத்தினால் அமுங்கவில்லை. அது வாயைத் திறந்தபோது புளித்த நாற்றம் அடித்தது. அட்டைப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சேவலின் கழுத்தடியைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"மூணு நாளா."

"மூணு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"தொத்து வியாதியோன்னு நினைச்சேன் டாக்டர்."

"தொத்து வியாதி இல்ல. இது தீனிப்பை. தின்னதெல்லாம் முதல்ல இங்கதான் தங்கும். எதையோ முழுங்கி அடைச்சிருக்கு. திறந்துதான் எடுக்கணும்."

"பொழைக்குமா டாக்டர்?"

"ரொம்ப இளைச்சிருக்கு. சொல்ல முடியாது. விட்டா கண்டிப்பா போயிடும்."

மரக்க ஊசி போட்டார். இறகைப் பிய்த்து இடத்தைத் துடைத்தார். ஒரு கையால் கால்களையும் மறு கையால் இறக்கைகளையும் தையல்காரரே பிடித்துக்கொண்டார். அதன் இதயம் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. கத்தி வைத்த நேரத்தில் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது.

"எடுக்கணுமா?" என்றார் டாக்டர்.

"கையை விட்டா?"

"துள்ளிடும்."

"அப்போ அடிக்கட்டும்."

மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது. டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. புல், தானியம், அதையெல்லாம் சுற்றி ஒரு நூல் பந்து. பள்ளிக்கூடச் சீருடையின் கருநீலம். பக்கத்துத் தெரு டீச்சரின் சட்டைக்குப் போட்ட பச்சை. ஒவ்வொரு நூலும் எந்தத் துணியினுடையது என்று அவருக்குத் தெரிந்தது.

"டாக்டர், இது என் நூல்."

மனைவி இருந்தவரை தினமும் அறையைப் பெருக்கி, வெட்டு நூலையெல்லாம் மூட்டையில் கட்டிவிடுவாள். அவள் போன பிறகு, யார் குனிந்து அள்ளுவது என்று அவர் எல்லாவற்றையும் காலாலேயே கொல்லைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். சேவல் அதைப் புழு என்று நினைத்திருக்கும்.

"நானே ஊட்டிக் கொன்னிருக்கேன்" என்றார்.

"இன்னும் சாகல. அசைக்காம பிடிங்க" என்று டாக்டர் தைக்க ஆரம்பித்தார். முடித்துவிட்டுக் கேட்டார்: "மத்த கோழிங்களும் அங்கதானே மேயுது? போனதும் ஒவ்வொண்ணையும் தடவிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா உடனே கொண்டு வாங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தார். மூன்றும் மனைவியிடமிருந்து. திருப்பிக் கூப்பிட்டார், யாரும் எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? அவளை உள்ள கொண்டு போயிட்டாங்க. குழந்தைக்குத் துடிப்பு குறையுதாம், ஆபரேஷன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க."

"நல்லாத்தான் இருக்கான்னு சொன்னியே!"

"செவ்வாய்க்கிழமையே சேர்த்தாச்சுங்க. பிரஷர் இறங்கவே இல்ல. தனியா இருக்கீங்க, பதறுவீங்கன்னு சொல்லல."

கோபம் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. "இதோ கிளம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரி உதவியாளரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "உள்ள ஒரு கூண்டு காலியா கிடக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கஞ்சித் தண்ணி விட்டா போதும், நான் பார்த்துக்குறேன். நீங்க பொண்ணைப் பாருங்க" என்றாள். சேவல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கொல்லையில் கோழிகளைத் துரத்தித் துரத்திப் பிடித்தார். ஒவ்வொன்றின் கழுத்தடியிலும் விரல் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். பத்தும் மெத்தென்று இருந்தன. பதினொன்றாவது தகரக் கூரைமேல் ஏறிக்கொண்டது. எலெக்ட்ரீஷியன் விஷயத்தைக் கேட்டதும் ஏணியைக் கொண்டுவந்தார். பிடித்துக் கொடுத்தபோது அவர் முழங்கையில் ரத்தம்.

"இதுவும் மெத்துன்னுதான் இருக்கு. போங்கண்ணே. கொல்லையை நான் கூட்டி அள்ளிடுறேன், தீனியும் போட்டுடுறேன். நேத்து கழுத்தைத் திருகுங்கன்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க."

பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் மனைவி ஃபோனை எடுக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூப்பிட்டார். எடுக்காததற்கு நூறு காரணம் இருக்கலாம். அவர் மனம் ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்கியது.

ஆஸ்பத்திரி நடையில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"பொம்பளைப் புள்ள. ரெண்டு கிலோகூட இல்ல, கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. நம்ம பொண்ணு கண்ணு முழிச்சிட்டா, பேசுறா. என் ஃபோன் உசுரை விட்டுடுச்சுங்க."

பக்கத்தில் உட்கார்ந்தார். சேவல் கதையைச் சொன்னார். நூல், கத்தி, மூன்று ஃபோன், ஒன்றையும் விடவில்லை. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ரெண்டு நாளா ராஜா மாதிரி இருக்கார்னு அளந்தீங்களே!"

"நீ ரெண்டு நாளா தூங்குறா தூங்குறான்னு சொல்லலியா?"

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "ஜாடிக்கு ஏத்த மூடிதான் நாம ரெண்டு பேரும்" என்றாள். பிறகு, "இனிமே நல்லதோ கெட்டதோ, நடந்ததை நடந்த மாதிரி சொல்லிடணும். இருக்கிற பயம் போதும், தெரியாததை வேற நினைச்சுப் பயப்பட என்னால முடியாது" என்றாள்.

"சரி."

நாலு நாள் கழித்து அவர் ஊர் திரும்பினார். மகள் எழுந்து நடந்தாள். குழந்தை பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. சேவலை எடுத்துவரப் போனபோது டாக்டர், "தையல் ஆறிட்டு வருது. ஆனா தானே தின்னணும். தின்னாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

மறுநாள் முழுக்க அது தின்னவில்லை. அதற்கு மறுநாள், ஊறவைத்த தானியத்தைத் தட்டில் வைத்துவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். மனைவி கூப்பிட்டாள்.

"மறைக்காம சொல்லுங்க."

"நிக்கிறான், ஆனா ஆட்டம் இருக்கு. இப்பதான் ஆறு மணி தானியம் தின்னான்."

"ஆறா?"

"எண்ணிப் பார்த்தேன். அங்க?"

"குழந்தைக்குப் பால் குடுக்கிற மூக்குக் குழாயை எடுத்துட்டாங்க. முப்பது மில்லி தானா குடிச்சா. குடிச்சதுல பாதியைக் கக்கிட்டா."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"கக்கினா பரவாயில்ல, குடிச்சாளேங்குறாங்க" என்றாள். "இருங்க, ஃபோனை வெச்சுடாதீங்க. மறுபடி கொத்துறானான்னு பார்த்துச் சொல்லுங்க."

அவர் ஃபோனைக் காதில் வைத்தபடியே தட்டின் பக்கம் குனிந்தார்.