நாலாவது வரிசை

ஆய்வகத்தில் அவளுக்குச் சில்லுக்காரி என்று பேர். நகத்தளவு கண்ணாடியில் இருநூறு புள்ளிகள்; ஒவ்வொன்றும் ஒரு நோயின் தடயத்தைப் பிடிக்கும் பொறி. முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள் ஓடும் மூடியை அதன்மேல் ஒட்டுவது அவள் வேலை. வாய்க்கால் வழியே ஒரு சொட்டு ரத்தம் புள்ளிகளைத் தொட்டுப் போகும். தடயம் இருந்தால் புள்ளி பச்சையாக எரியும்.

பார்வையாளர்கள் வந்த அன்று, நோயில்லாத யாருடைய ரத்தமாவது வேண்டும் என்றார் ஆய்வகத் தலைவர். கீழே கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணியைக் கூட்டிவந்தாள். தாயில்லாத அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய அண்ணி.

"ஒரு சொட்டுதானே பாப்பா? கொசு குடிக்கிறதை நீ குடிச்சுட்டுப் போ."

திரையில் நாலாவது வரிசை முழுக்க எரிந்தது. சினைப்பைப் புற்றுநோயின் வரிசை. தலைவர் அசரவில்லை. "எவ்வளவு நுட்பமா பிடிக்குது பாருங்க!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒன்றும் புரியாத அண்ணியும் தட்டினாள்.

"சார், அது என் அண்ணி," என்று நடையில் அவரை மடக்கினாள்.

"இன்னும் சோதனையில இருக்கிற சில்லும்மா, பொய்யாவும் எரியும். வெளியில சொன்னா ஆராய்ச்சிக்கே தடை வந்துடும். உன் வேலையை நிரந்தரம் பண்ற தாள் என் மேஜைலதான் இருக்கு."

குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தை மறுநாள் வேறு சில்லில் விட்டுப் பார்த்தாள். அதே வரிசை. மூன்றாவதிலும் அதே.

"வயிறு உப்பிக்கிட்டே இருக்கு பாப்பா," என்றாள் அண்ணி ஒருநாள்.

"வேளாவேளைக்குச் சாப்பிடுங்க அண்ணி." தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டாள். தாள் கைக்கு வரட்டும், மறுநாளே சொல்லிவிடலாம். தாள் இன்று நாளை என்று இழுத்தது. ஐந்தாம் மாதம்தான் கைக்கு வந்தது. அதே வாரம் அண்ணி கேன்டீனில் சுருண்டு விழுந்தாள்.

"நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்," என்று மருத்துவர் கையை விரித்தார்.

கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்த அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு என் ரத்தத்தைப் பாத்தியே, அப்பவே ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்ல அண்ணி. சுத்தமா இருந்துச்சு."

"அதானே!" அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாளா? நான் வளத்த பிள்ளையைப் போய் சந்தேகப்படறீங்களே."

அண்ணன் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அண்ணிக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.