தட்டுக்குள் அடங்காத சர்வர்

அக்காவும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து கார்ட்டூன் படம் பண்ணினால் சண்டைக்குப் பஞ்சம் இருக்காது. இவர்களுக்கும் இல்லை. ஆனால் சில நாட்களாக அக்கா வாயைத் திறக்கவே பயந்தாள். தங்கைக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை வந்திருந்தது. திங்கட்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷப் படம் முழுசா வெளிய வர்றதுக்குள்ள தலை நரைச்சிடும்க்கா. இப்படியே எவ்வளவு நாள் ஓட்டுறது?" என்று கேட்டிருந்தாள் தங்கை.

போகாதே என்று சொல்ல அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வறட்டு கௌரவம் விடவில்லை. "திங்கட்கிழமைக்குள்ள படத்தை மளமளன்னு வெளிய எடுக்கிற பெரிய மெஷினா ஒரு சர்வர் கட்டிக் காட்டறேன். அப்புறம் பேசு!" என்று சவால் விட்டாள். விட்ட பிறகுதான் பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்தாள்.

கீழ்த்தளத்து அச்சகக்காரர் தங்கமான மனிதர். தன் ஏசி அறையிலிருந்த இரும்பு ரேக்கில் இரண்டு தட்டு உயரத்துக்கு இடம் தருவதாகச் சொன்னார். ஆகவே பெட்டி தட்டையாக இருக்க வேண்டும். அக்காவின் கையிருப்பு அதைவிடத் தட்டை.

பழைய கம்ப்யூட்டர் சாமான் கடையே கதி என்று கிடந்தாள். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பிராசசர் கிடைத்தது. வேகம் உண்டு, வயதும் உண்டு. அதற்குப் பொருந்தும் போர்டு. மெமரி பழையதே போதும், ஆனால் நிறைய வேண்டும். கரண்ட் சப்ளையிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் மட்டும் கஞ்சத்தனம் காட்டாமல் புதிது வாங்கினாள். படம் அழிந்துபோனால் யார் அழுவது? பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்ததால் பாதி விலை.

"மூஞ்சி நசுங்கினா என்னம்மா, கல்யாணம் கட்டிக் குடுக்கவா போறீங்க?" என்றார் கடைக்காரர்.

பிராசசரின் தலைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் கூலர்தான் பாக்கி. ஆளே மிரளும் அளவில் ஒன்று கொள்ளை மலிவாகக் கிடந்தது. அக்கா விடுவாளா? முன்யோசனைக்காரி ஆயிற்றே, எல்லாப் பாகங்களையும் அளவு பிசகாமல் திரையில் வரைந்து, கட்டி முடித்த சர்வரைப் படமாகவே ஓட்டிப் பார்த்தாள். கதாநாயகன் மாதிரி கம்பீரமாகத் தெரியட்டும் என்று கேமராவைத் தரையோடு வைத்துக் கீழிருந்து காட்டினாள். மூடி வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

"சூப்பர்க்கா!" என்று தங்கையே சொன்னாள். அக்கா கூலரையும் வாங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் திருகி முடித்து மூடியைத் தள்ளினாள். பாதியில் நின்றது. இன்னும் அழுத்தினாள். ம்ஹூம். கூலர் பெட்டிக்கு வெளியே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது.

தங்கை திரையில் அந்தப் படத்தைத் திறந்து மேல்பக்கமாகத் திருப்பினாள். அங்கேயும் கூலர் மூடியைத் துளைத்துக்கொண்டு ஜம்மென்று நின்றது. திரையில் எதற்குள்ளும் எதுவும் புகுந்து போகும், இடிக்காது. கீழிருந்து பார்த்ததில் இருவர் கண்ணிலும் படவில்லை.

வேறு கூலர் வாங்கக் கையில் சல்லிக்காசு இல்லை. அக்காவுக்கு அழுகை முட்டியது. போச்சு, இவள் போய்விடுவாள், இனி இந்த அறையில் யாரோடு சண்டை போடுவது? மூடியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள்.

பின்னால் ஒரு சத்தம். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "கதாநாயகனாம்! கீழேர்ந்து காட்டினாளாம்!" கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. மூச்சு வாங்கிய பிறகு தங்கை போனை எடுத்து அந்தப் பெரிய கம்பெனியைக் கூப்பிட்டாள். "வணக்கம் மேடம். என்னால வர முடியாது. இல்ல மேடம், சம்பளம் காரணமில்ல. இங்க வேலை இருக்கு."

அக்கா திகைத்தாள். "ஏய், மெஷின் இன்னும் ஓடவே இல்லடி!"

"ஓட வைப்போம். வாசல்ல ஷட்டர் செய்யறவர்கிட்ட தகரம் வெட்டுற கத்திரி வாங்கிட்டு வா."

மூடியில் ஓட்டை போட்டார்கள். போர்வைக்கு வெளியே தலை நீட்டிய பிள்ளை போலக் கூலர் எட்டிப் பார்த்தது. அச்சகக்காரர் பார்த்துவிட்டு, "சரி, மூணாவது தட்டையும் எடுத்துக்கோங்க," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சுழன்றது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு நிமிஷப் படம் முழுசாக வந்து நின்றது. தங்கை கை தட்டிக் குதித்தாள். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"போகாதடி," என்றாள்.

தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த ஒரு வார்த்தையச் சொல்ல ஒரு சர்வரே கட்டணுமாக்கா?"