லுஃபூமா ஆத்துக்கு ஒரு முதலாளி

சுஜீதன் சாம்பியாவில ஆறு கிழமை நிண்டுட்டு வந்ததில இருந்து ஆள் ஆளா இல்லை. இஞ்ச பிளாக்டவுனில எங்கட ஆக்கள் ஆரைக் கண்டாலும் லுஃபூமா ஆறு, லுஃபூமா மீன், அதுதான் கதை. அங்க பிடிக்கிற மீனில பாதி சந்தைக்குப் போக முதலே பழுதாப் போகுது. ஆத்துப் பக்கமா மீனைக் குளிரில வைக்க ஒரு கூல்ரூம் கட்டினா எல்லாம் சரி. மீன் சீசன் துவங்க முன்னம் அதுக்கு முதலீடு போட ஒரு நல்ல ஆளைப் பிடிச்சுத் தாறன் எண்டு அந்த ஊர்ப் பொம்பிளையளின்ர மீன் சங்கத் தலைவி மிஸிஸ் முலெங்காவுக்கு வாக்குக் குடுத்திட்டு வந்திட்டான். அந்த மனிசியும் நம்பிட்டா. அதுதான் பிரச்சினை.

கேட்ட ஆக்கள் எல்லாரும் நழுவ, கடைசியா மாட்டினவர் பலசரக்குக் கடை தேவராஜா அங்கிள். கடைக்குப் பின்னால அரிசி மூட்டைக்கு மேல லாப்டொப்பை வச்சு மிஸிஸ் முலெங்காவுக்கு வீடியோ கோல் போட்டாச்சு, கதை இங்கிலீசில.

"ஆத்தோரமாக் காணி எவ்வளவு தருவியள்?" எண்டுதான் அங்கிள் துவங்கினதே. "ரெண்டாப் பிரிச்சு டூப்ளெக்ஸ் வீடு அடிக்கலாமெல்லோ?"

மிஸிஸ் முலெங்கா கோவிக்கேல்லை.

"காணி ஊருக்குச் சொந்தம், விக்கிறேல்லை. மழைக்கு அதில ஆறு வந்து குடியிருக்கும். கூல்ரூம் மேட்டிலதான். லாபத்தில உங்களுக்குப் பங்கு இருக்கு. ஆனா முதல் உங்களைப் பற்றி விசாரிக்கோணும்."

"என்னையோ? காசு போடுறது நான்!"

"அதாலதான். முந்தி ஒராள் வந்து காசு போட்டவர். எங்கட சனத்தை மாடு மாதிரி வேலை வாங்கினார். இனி ஆர் வந்தாலும், அவரிட்ட வேலை செய்யிற ஒராளோட நாங்கள் கதைப்பம்."

அங்கிள் கோயில் தலைவரின்ர பேரைச் சொன்னார். அவர் உங்களிட்டச் சம்பளம் வாங்கிறவரோ எண்டு மனிசி கேட்டா.

"இது கலியாணப் பேச்சு மாதிரியெல்லோ கிடக்கு," அங்கிள் முணுமுணுத்தார். "எடேய் சுஜீ, நாங்கள் இப்ப மாப்பிளை வீடோ, பொம்பிளை வீடோ?"

கடையில வேலை செய்யிறது ஒரே ஒராள். கவுண்டரில நிக்கிற மன்னார்ப் பிறின்சி. வாயெண்டா அப்பிடி ஒரு வாய். சுஜீதன் ஓடினான்.

"பிறின்சியக்கா, அங்கிளைப் பற்றி நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ."

"நல்லதோ? நிண்டு நிண்டு கால் வீங்கிக் கிடக்கு. ஒரு கதிரை கேட்டு எத்தினை வருசம்! இருந்தா சோம்பல் வருமாம்."

"அக்கா, பிளீஸ். அங்க மீன் பழுதாப் போகுது."

"இஞ்ச என்ர கால் பழுதாப் போகுது, தம்பி."

சுஜீதன் திரும்பி ஓடினான். "அங்கிள், கதிரை!"

அங்கிள் அவனை முறைச்சார். ஸ்கிரீனைப் பாத்தார். பிறகு தான் இருந்த சுழல் கதிரையையே உருட்டிக்கொண்டு வந்து கவுண்டருக்குப் பின்னால விட்டார். பிறின்சி ஏறி இருந்து, ஒருக்கா ஒரு சுத்துச் சுத்திப் பாத்திட்டு, லாப்டொப்பை வாங்கினா.

"உங்கட முதலாளி எப்பிடி?" மிஸிஸ் முலெங்கா கேட்டா.

"கஞ்சன். ஆனா சம்பளம் நேரத்துக்குத் தருவார். கதிரையும் தந்தவர்."

"எப்ப தந்தவர்?"

சுஜீதன் பின்னால நிண்டு கையெடுத்துக் கும்பிட்டான். பிறின்சி அவனைப் பாத்தா, அங்கிளைப் பாத்தா.

"இப்பதான். நீங்கள் விசாரிக்கிறபடியால்."

போச்சு! எல்லாம் போச்சு! சுஜீதன் கண்ணை மூடிட்டான். அந்தச் சனத்துக்கு இனி என்ன முகத்தோட ஒரு மெசேஜ் போடுறது?

பாத்தா, அங்கால ஒரே சிரிப்பு.

"அவர் பக்கத்தில நிக்கிறாரோ?"

"ஓம், முறைச்சுக்கொண்டு."

"அவருக்கு முன்னாலயே சொல்லுறியள், பயமில்லையோ?"

"இவருக்கோ!"

மனிசி சிரிப்பை நிப்பாட்டினா. "அந்தப் பழைய ஆளைப் பற்றி எங்கட சனம் வாய் திறந்ததே அவர் போன பிறகுதான். சரி, பேப்பர் வேலையைத் துவங்குவம். ஆனா மாசாமாசம் நான் பிறின்சியோட கதைப்பன்."

சுஜீதன் துள்ளின துள்ளில பப்படப் பெட்டி எல்லாம் கீழ விழுந்திட்டுது. அங்கிளுக்குத்தான் பொறுக்கேல்லை.

"காசு என்ர, கதை இவளோடயோ?"

"அங்கிள்," பிறின்சி திரும்பியும் பாக்கேல்லை, "கஸ்டமர் நிக்கினம், போய்க் கவனியுங்கோ. நான் மீற்றிங்கில."