துளை போட்ட டிஸ்க்

டயாலிசிஸ் முடிந்த மாமியாரைக் கைத்தாங்கலாகக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, ஷண்முகப்ரியாவின் வெள்ளைத் துப்பட்டா முன்சக்கரத்தில் உரசிக் கரி அப்பியிருந்தது. காலையில்தான் கழுவிய கார்.

அந்தச் சக்கரங்களுக்குள் இருந்தவை சாதாரண பிரேக் டிஸ்க்குகள் அல்ல. போன ஐப்பசி மழையில் தேனாம்பேட்டை சிக்னலில் அவள் ஓட்டிய கார் வழுக்கிப்போய் முன்னால் நின்ற வேனில் இடித்தது. பின்சீட்டிலிருந்த மாமியார் சீதா அத்தைக்கு நெற்றியில் வீக்கம், மற்றபடி ஒன்றுமில்லை. "பிரேக் சரியில்ல" என்று முடிவுகட்டினான் ஆனந்தகுமார். தி.நகரில் துணிக்கடை நடத்தும் அவள் கணவனுக்கு எந்தக் குறைக்கும் உசத்திச் சரக்குதான் மருந்து. துளையும் கீறலும் போட்ட டிஸ்க்குகளை வரவழைத்து மாட்டினான். தண்ணீர் நிற்காதாம், மழையிலும் கப்பென்று பிடிக்குமாம். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

பிடித்தது என்னவோ உண்மை. ஆனால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கிர்ரென்று ஒரு சத்தம். அது வந்த பிறகுதான், தான் எவ்வளவு மிதிக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. ஓரத்தில் மாடு நின்றால் மிதித்தாள். மர நிழல் அசைந்தாலும் மிதித்தாள். தன் பயத்தை யாரோ தெருவெல்லாம் கூவிச் சொல்வதுபோல் கூசியது. ஒவ்வொரு தடவையும் ஊசி குத்திய கையோடு அத்தை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தாள்.

"ஏட்டி, எதுத்தாப்புல ஒண்ணுமில்லையே, எதுக்கு அமுக்குத?"

மறுநாள் மேற்கு மாம்பலத்தில் அப்துல் கய்யூமின் ஒர்க் ஷாப்புக்குக் காரை விட்டாள். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"வருஷங்கூட ஆவல, டிஸ்க்கை புடிக்கிற பேடு தீந்துபோச்சு மேடம். இந்தக் கீறலுங்க தேங்கா துருவுற மாரி பேடைச் சீவிக்கினே கீது. அந்தத் தூள்தான் வீல்ல அப்பிக்கினு கீது. மழைல கொஞ்சம் நல்லா புடிக்கும், அது பொய்யில்ல. ஆனா ஊருக்குள்ள ஓட்ற வண்டிக்கு தொள கீறல் இல்லாத பிளெய்ன் டிஸ்க்கே போதும். பேடும் நாள்பட வரும். இன்னா செய்யட்டும்?"

கணவனுக்குப் போன் செய்தாள்.

"புது பேடு மட்டும் போடச் சொல்லு. டிஸ்க்க மாத்தாத. அம்மா போற வண்டி அது."

"ஏங்க, உங்களுக்கு பயம் வண்டி மேலயா, என் மேலயா?"

"கடையில ஆளுங்க நிக்காங்க" என்று வைத்துவிட்டான். அவள் கய்யூமிடம் திரும்பினாள்.

"பிளெய்னே போடுங்க" என்றாள்.

அடுத்த டயாலிசிஸ் நாளில், திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டாள். அந்த இடத்தில் ஆட்டோக்கள் புகுந்தன. புகுந்துகொள்ளட்டும் என்று பிரேக்கை மெல்ல அழுத்தினாள். சத்தமில்லை. அழுத்தியதே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தால், சிறுநீரக நோயின் அரிப்பில் இரவெல்லாம் புரளும் அத்தை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ராஜா அண்ணாமலைபுரம் வீட்டு வாசலில், கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட ஆனந்தகுமார் குடையோடு நின்றான். முதலில் சக்கரத்துக்குள் இருந்த பிளெய்ன் டிஸ்க்கைத்தான் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். வரப்போகும் சண்டைக்கு அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் பின்கதவைத் திறந்தான். தாயைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"தூங்குதாளா?"

"கோயில் பக்கத்துல வரும்போதே தூங்கிட்டாங்க."

குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, தாயின் பக்கத்தில் நுழைந்து உட்கார்ந்தான். கதவை ஓசைப்படாமல் சாத்தினான்.

"எறக்க வேண்டாம். இன்னொரு சுத்து போ."

"மழை வலுக்குதே."

"வலுக்கட்டும். நீ போ."

வைப்பரை வேகமாக்கிவிட்டு அவள் காரைத் திருப்பினாள். தெருமுனையில், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி தள்ளுவண்டியோடு குறுக்கே வந்தாள். கார் சத்தமில்லாமல் அவளுக்காக நின்றது. மழையில் நனைந்த தக்காளிகள் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக மினுங்கிக் கடந்துபோயின.