பழுத்த அறை

மழை பொய்க்கிற வருசங்களில் எங்கள் ஊர் வீடுகள் தங்களைத் தாங்களே தின்று உயிர் பிழைக்கின்றன. கத்தரிச் செடி செய்வதைத்தான் செய்கின்றன. தண்ணீர் இல்லாதபோது அது தனக்குள் பழுத்து நைந்துபோனதைக் கரைத்து, அந்தச் சத்தைக் குருத்துக்கு ஏற்றும். வீடும் அப்படித்தான். ஓட்டை வாளி, உளுத்த கட்டில், விரிசல் விட்ட சுவர் எல்லாவற்றையும் தின்றுவிட்டு மாடியில் பச்சையாகச் செங்கல் விடும்.

எதிர்வீட்டு மாரண்ணன் தன் வீட்டைத் தின்ன விட்டதில்லை. எதையும் இழக்க அவருக்கு மனசில்லை. லாரித் தண்ணீரும் யூரியாவும் ஊற்றி மூன்று மாடி வளர்த்தார். பங்குனி வெயிலில் லாரி வருவது நின்றது. வீடு வதங்கித் தெருவில் சாய்ந்தது. சுருட்டி ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

அதனால் எங்கள் வீடு தின்பது சரிதான். என் ஆத்திரம் அதில் இல்லை.

எதைத் தின்ன வேண்டும் என்று வீட்டுக்கே தெரியும். ஆனால் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக் காட்டிவிட்டால் அதைத்தான் தின்னும். வீடுகள் சொன்ன பேச்சுக் கேட்பவை. என் மாமியார் பாவாயம்மாள் பொட்டு வைத்தது, நானும் கைக்குழந்தை மௌனிகாவும் படுக்கிற பின்னறைக்கு.

"நேத்து வந்தவ படுக்கற ரூம்புதானே அம்மிணி," என்றார். "பொட்டப் புள்ளைக்கு அத்தனை எடம் எதுக்கு?"

முதலில் ஜன்னல் கரைந்தது. பிறகு சுவர் வெல்லப்பாகு மாதிரி இளகியது. தொட்டில் கட்டிய உத்திரம் நூலாக மெலிந்தது. கணவரிடம் சொன்னேன்.

"வீடு வளருதில்ல, அப்பறமென்ன?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

வளர்ந்தது. பச்சையாக இருந்த அறையைத் தின்றதால் சோகையாக, வெள்ளையாகத் துளிர் விட்டது. காற்றடித்தால் ஒடியும்.

நடுவில் கொழுந்தனார் ராசுக்குட்டியின் அறை பூட்டிக் கிடந்தது. திருப்பூர் போனவர் தீபாவளிக்குக்கூட வருவதில்லை. உள்ளே கறையான் பிடித்த பீரோ, நாறும் மெத்தை. கதவுக்கடியில் மஞ்சளாக நீர் கசிந்தது. வீடு அந்தப் பக்கமே திரும்பித் திரும்பி மூச்சு விட்டது. மாமியார் கதவருகில் பாய் போட்டுக் காவல் இருந்தார்.

ஒருநாள் தொட்டில் அறுந்து விழுந்தது. அந்த நேரம் குழந்தை என் இடுப்பில் இருந்தாள். அதனால் இருக்கிறாள்.

சுண்ணாம்பு டப்பாவில் ஐந்து விரலையும் விட்டேன். பொட்டு வைக்கவில்லை. கொழுந்தனாரின் கதவு முழுக்க அப்பினேன்.

"அது எம் பையன் ரூம்புடி," என்றார் மாமியார்.

"பழுத்தது அதுதானுங்க அத்தை. பச்சையவே எடுத்துக் குடுத்துட்டிருந்தா வீடு நிக்காதுங்க."

அந்த வீட்டில் அவ்வளவு நீளமாக நான் பேசியது கிடையாது. இன்னும் இருந்தது.

"நகந்து உக்காருங்க. அந்தப் பாயும் நைஞ்சு கெடக்குது. சேத்துத் தின்னுரும்."

நகர்ந்தார். பீரோவை வீடு மென்ற சத்தம் தெருமுனைவரை கேட்டது. சாயங்காலத்துக்குள் பின்னறைச் சுவர் கெட்டியாகிவிட்டது. ஜன்னல், முன்பு இருந்ததைவிடப் பெரிதாக விட்டிருந்தது.

மறுநாள் துணி காயப்போட மாடிக்குப் போனேன். தடித்த பச்சை மொட்டு ஒன்று விரிந்திருந்தது. உள்ளே சின்னதாக ஓர் அடுப்படி. தின்ற அறையின் சத்தில் முளைத்து, என் முழங்கால் உயரமே இருந்த ராசுக்குட்டி கொழுந்தனார் குத்துக்கால் வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, தண்ணி எத்தனை வெக்கோணும்?"

"ஒண்ணுக்கு ரெண்டரைங்க," என்றேன். குழந்தையின் அழுக்குத் துணிகளையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.