ராயப்பன் விட்டுப்போன நொதிகள்

அந்த உப்பள ஊரில் எல்லோருடைய உடம்பிலிருந்தும் நொதிகள் சாயங்காலம் வெளியே வந்து டீ குடித்துவிட்டுப் போகும். கடுகளவுதான் இருக்கும். பகலெல்லாம் வெயில் உயிரணுக்களுக்குள் புகுந்து டி.என்.ஏ. இழையைக் கெடுத்து வைக்கும். கெட்ட இடத்தை ஒரு நொதி கண்டுபிடிக்கும், இன்னொன்று வெட்டி எடுக்கும், மற்றவை எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நெய்து ஒட்டும். அவ்வளவு பாடுபட்டவர்களுக்கு ஒரு மூடி டீயாவது கொடுக்காமல் இருக்க முடியுமா? கனியம்மாள் தட்டில் ஊற்றி, ஆறிய பிறகுதான் கூப்பிடுவாள்.

அவள் மகள் சுடலைவடிவுக்கு வெட்டும் நொதி மட்டும் பிறவியிலேயே இல்லை. மற்றவை கெட்ட இடத்தைச் சுற்றி நின்று, வெட்ட ஆளில்லாமல் கையைப் பிசையும். டீயைத் தொடாது. "வேலையே செய்யாம எப்படிம்மா குடிக்க?" என்று ஒன்று கேட்டது.

ஒருமுறை கதவிடுக்கில் நுழைந்த வெயில் பட்டு வடிவின் கன்னத்தில் கட்டி வந்தது. அறுத்துத்தான் எடுத்தார்கள். அதிலிருந்து ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி.

ஆடி மாதம் பக்கத்து வீட்டு ராயப்பன் இறந்துபோனார். ஆயுசு முழுக்கக் கடல் வெயிலில் வலை இழுத்தவர். அவருடைய நொதிகள் போக்கிடமில்லாமல் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தன. அவர் மனைவி அமலோற்பவம் வழக்கம்போல் டீ ஊற்றி வந்தாள். வெட்டுகிறவற்றை மட்டும் வடிவுக்குக் கேட்டுவிடலாமா என்று கனியம்மாளுக்கு வாய்வரை வரும். அந்த வீட்டில் அமலோற்பவத்துக்கு வேறு பேச்சுத் துணை ஏது என்று நினைத்து விழுங்கிக்கொள்வாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கையில் தட்டோடு அமலோற்பவமே வந்தாள்.

"மைனி, வெட்டுறவங்களக் கூட்டியாந்திருக்கேன். பிள்ளைக்கு வச்சிக்கிடுங்க."

"உங்களுக்கு?"

"என் மூஞ்சியவே எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு இருப்பாங்க? அவங்களுக்கு வேல வேணும்லா."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கனியம்மாள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நொதிகள் வடிவின் உள்ளங்கையில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயின.

மறுநாள் உச்சி வெயிலில் வடிவு உப்பு வரப்பில் நடந்தாள். "எம்மா, சுடுது!" என்று சிரித்தாள். திரும்பி அந்தக் கோடிவரை ஓடினாள். கனியம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் நொதிகள் மொத்தமும் வியர்வையோடு வந்து இரண்டாம் தட்டு டீ கேட்டன. அமலோற்பவம்தான் ஊற்றினாள். இனி இங்கேயே வந்து ஊற்ற வேண்டும் என்று கனியம்மாள் சொல்லியிருந்தாள்.

அப்போது வாசலில் யாரோ செருமினார்கள். ராயப்பனின் குறட்டை, கக்கத்தில் பாயோடு நின்றது.

"நம்மாளுக எல்லாம் இங்கதான்னு சொன்னாங்க."

கனியம்மாள் அரிசி மூட்டையை நகர்த்தி இடம் விட்டாள். தலையணை அதுவே கொண்டுவந்திருந்தது.